ஏழாவது குடை

மாலை நேரப் புகைப்பட வகுப்பு மாணவர்கள் ஏழு பேர், சாரோடு சேர்ந்து மேகத்தைப் படமெடுக்க மலையேறினார்கள். உச்சியில் மழை பிடித்துக்கொண்டது. குடையை மறந்தவள், எல்லோரும் சுண்டெலி என்று கூப்பிடும் சின்னவள் மட்டும்தான். கையிலோ, அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்த கேமரா.

"நனைஞ்சா தோலை உரிச்சிடுவான்!" என்று புலம்பிக்கொண்டே ஒரு மணி நேரம் படமெடுத்துத் தள்ளினாள்.

இறங்கியபோது அவள்மேல் ஒரு துளி ஈரமில்லை.

"யார் குடையிலடி ஒட்டிக்கிட்டே?" என்றாள் தோழி.

"நீங்க யாருமே கூப்பிடலையே!"

உச்சியில் அந்த ஏழு பேரையும் சார் எடுத்த படத்தில் எண்ணிப் பார்த்தார்கள். ஏழு குடைகள் இருந்தன. ஏழாவது மஞ்சள் குடை, அவள் தலைக்கு மேல். அதைப் பிடித்த கை தெரியவில்லை.

அடுத்த வாரம் அவள் வேண்டுமென்றே குடையில்லாமல் மலைக்கு வந்தாள். தூறல் தொடங்கியதும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம்விட்டு ஒதுங்கி, "ஆரம்பிக்கலாங்களா?" என்றாள்.

அவள்மேல் மட்டும் தூறல் நின்றது.