டெமோ பட்டன்

"டேய் தண்ணி! மறுபடியும் இதுமேல எதையாவது கொட்டி வைக்காதே!"

வாசிக்கிற அந்தப் பழைய மியூசிக் கீபோர்டை மேஜைமேல் வைக்கும்போதே அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி தன் டீ கிளாஸை ஓரமாகத் தள்ளி வைத்தான். ரிப்பேர் கடை நடத்துகிறவன். ஊராரின் டிவியும் மிக்சியும் இவன் கையால்தான் உயிர் பிழைக்கின்றன. ஆனால் அக்காவுக்கு மட்டும் இவன் இன்னமும் கீபோர்டில் தண்ணீர் கொட்டிய பொடிப்பயல்தான்.

"அக்கா, அன்னிக்கு நான் கொட்டவே இல்லை."

"பின்ன? கீபோர்டு தானா எழுந்து போய்க் குளிச்சுதா?"

சின்ன வயதில் வீட்டில் சொன்ன தீர்ப்பு அது. டெமோ பட்டன் திடீரென்று ஊமையாகிவிட்டது. இவன் தண்ணீர் கிளாஸோடு அந்தப் பக்கம் திரிந்ததை அம்மா பார்த்திருந்தாள். அப்புறம் விசாரணை எதற்கு? முதுகில் ரெண்டு வைத்ததோடு, 'தண்ணி' என்று பட்டப்பெயரும் வைத்துவிட்டார்கள்.

வைத்தவர்களுக்கு என்ன, சுமக்கிறவனுக்கல்லவா தெரியும்! இவன் கல்யாணத்தில் அக்கா எல்லார் எதிரிலும் "டேய் தண்ணி!" என்று கூப்பிட, மாமனார் இவனைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "மாப்பிள்ளை, தினமுமா, இல்லை எப்பவாவதா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு இன்றுவரை சந்தேகம் தீரவில்லை.

"நாளைக்கு என் மியூசிக் ஸ்கூல் திறப்பு விழா. இதைத்தான் முன்னால வைக்கப் போறேன். டெமோவை அமுக்கினா அந்தப் பழைய பாட்டு வரணும். முடியுமாடா?"

"திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

அவன் ஸ்க்ரூக்களைக் கழற்ற, அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"உனக்கு ஒரு ரகசியம் சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"அப்பா வேலை முடிஞ்சு வருவாரில்ல, அப்ப டெமோவை அமுக்கிட்டு, கட்டை மேல சும்மா விரலை ஓட்டுவேன். அவர் உள் ரூம்லேர்ந்து கை தட்டுவார். 'என் பொண்ணு வாசிக்கிறா'ன்னு பக்கத்து வீட்டுக்கே கேக்கிற மாதிரி கத்துவார்."

தம்பி சிரித்துவிட்டான். "சரியான கேடிக்கா நீ!"

"டெமோ போனதும் ஒரே அழுகை. வேற வழி? கிளாஸ்ல சேர்ந்து நெஜமாவே கத்துக்கிட்டேன். 'மொதல் நாள்லேர்ந்தே என்னமா வாசிச்சா'ன்னு அப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தார்டா. அப்பாவி மனுஷன்." அவள் கீபோர்டின் ஓரத்தைத் தடவினாள். "அவருக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா, நான் அவர் முகத்துல முழிச்சிருக்கவே மாட்டேன்."

மூடி திறந்தது. தூசியும் பழைய பிளாஸ்டிக்கும் கலந்த ஒரு வாசனை வந்தது. இருவருக்கும் அந்தச் சின்ன வீட்டின் முன்னறை ஞாபகம் வந்துவிட்டது. ஜன்னலோர மேஜை, அப்பாவின் சட்டையில் ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாடை, யார் முதலில் வாசிப்பது என்று தினமும் நடந்த குடுமிப்பிடிச் சண்டை.

"எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்ல?" என்றாள் அக்கா. அதற்குள் போன் அடிக்க, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

தம்பி உள்ளே இருந்த சர்க்யூட் போர்டைத் திருப்பினான். துருவும் இல்லை, தண்ணீர்க் கறையும் இல்லை. டெமோ பட்டனுக்குப் போகிற செம்புக் கோட்டின்மேல் மட்டும் ஒரு துண்டு பிளாஸ்திரி. நாலு மூலையும் வட்டமாகக் கத்தரித்திருந்தது.

அவன் கை அப்படியே நின்றது.

மூலை இருந்தால் உரிந்து வந்துவிடும் என்று பிளாஸ்திரியை வட்டமாகக் கத்தரித்து ஒட்டுகிறவர் இவனுக்குத் தெரிந்து ஒருத்தர்தான். ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்த அப்பா. இவன் முழங்காலிலேயே எத்தனை ஒட்டியிருப்பார்!

மெல்ல உரித்தான். அடியில், கோட்டின் குறுக்கே பிளேடால் நேர்த்தியாக ஒரு வெட்டு.

அப்பாவி மனுஷனாம்!

அடி வாங்கிய மறுநாள் அப்பா ஏன் இவனை மட்டும் சினிமாவுக்குக் கூட்டிப் போனார் என்று இப்போதுதான் புரிந்தது. இடைவேளையில் ஐஸ்க்ரீமை நீட்டி, "இன்னும் வலிக்குதாடா?" என்று கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது. தம்பிக்குக் கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. அப்பாவை இப்போதே பார்க்கவேண்டும் போல இருந்தது.

"அக்கா, இங்க வந்து பாரு!" நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரு வார்த்தை போதும், இத்தனை வருஷப் பழி தொலைந்துவிடும். மாமனாருக்கும் போன் போட்டுச் சொல்லிவிடலாம்.

வாசலில் அக்கா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆமா, நான் வாசிச்சு எங்கப்பா கை தட்டின கீபோர்டு. அதை வெச்சுத்தான் ஸ்கூலைத் திறக்கிறேன்."

பிளாஸ்திரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வெட்டின் இரண்டு பக்கமும் பச்சைப் பூச்சைச் சுரண்டி, சுத்தமாகத் துடைத்தான். மின்சாரம் கடத்துகிற வெள்ளி மைப் பேனாவை எடுத்து, இடைவெளியின்மேல் ஒரு கோடு இழுத்தான். சூடான காற்றில் காயவைத்து மீட்டரை வைத்ததும் 'பீப்' என்றது. வெட்டு மைக்கு அடியில் போய்விட்டது.

மூடியை மாட்டி, பட்டனை அமுக்கினான். அந்தப் பழைய பாட்டு கடை முழுக்கக் கிணுகிணுத்தது.

போனைக்கூட அணைக்காமல் அக்கா ஓடிவந்தாள். கட்டைகள்மேல் விரல் வைத்து, தானே வாசிப்பதுபோல் ஓட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் நீர்.

பாட்டு முடிந்ததும் தம்பி பலமாகக் கை தட்டினான்.

"போடா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உள்ளே பார்த்தியே, தண்ணிக் கறைதானே? இப்பவாவது உண்மையை ஒத்துக்கோ."

"ஆமாக்கா," என்றான் தம்பி. "ஒரு கிளாஸ் நிறைய நான்தான் ஊத்தினேன்."