ஆள் மாற்றம்

உடலில் மிச்சமுள்ள சக்தியைக் காட்டும் மணிக்கட்டுப் பட்டையில் சிவப்பு விளக்கு அணைந்தால் ஆளை மாற்று என்பது கபடிப் பயிற்சியாளர் மாசிலாமணியின் சட்டம். சிவப்பு, பாயும் சில நொடிகளுக்கான சக்தி. மஞ்சள், அதன்பின் மல்லுக்கட்டும் ஓரிரு நிமிடங்களுக்கு. பச்சை, மூச்சு வாங்கி வாங்கி நாள் முழுக்கத் தாங்குவதற்கு. சிவப்பு அணைந்ததுமே, ஆளை மாற்றச் சொல்லி அவர் கை தானாக உயர்ந்துவிடும்.

இன்று பட்டை, பிரசவ அறையில் மனைவி பூங்கோதையின் கையில். காலையிலிருந்து பச்சையை வைத்தே வலி பொறுத்தவள் இப்போது முக்கத் தொடங்கியிருந்தாள். சிவப்பு அணைந்தது. மஞ்சளும் மங்கியது. மாசிலாமணியின் கை உயர்ந்துவிட்டது.

பூங்கோதை பார்த்துவிட்டாள். "எனக்குப் பதிலா யாரை இறக்கப் போறீங்க?"

கை மெல்ல இறங்கியது. "அடுத்த வலி வர்ற வரைக்கும் சும்மா மூச்சு விடு. சிவப்பு திரும்ப ரொம்பிடும்."

ரொம்பியது. முக்கினாள், அணைந்தது. மறுபடி ரொம்பியது. இப்படி அணைந்து அணைந்து எழுந்த ஆட்டக்காரர் எவரையும் அவர் கண்டதில்லை.

குழந்தை வீறிட்டபோது அவள் பட்டையில் பச்சைகூட அணையப் பார்த்தது. நர்ஸிடமிருந்து குழந்தையை வாங்க மாசிலாமணி முன்னால் வந்தார்.

"நீங்க தள்ளி நில்லுங்க" என்று பூங்கோதை இரண்டு கைகளையும் நீட்டினாள். "நான் இன்னும் ஆட்டத்துலதான் இருக்கேன்."