பங்குனி வெயிலில் ஹீட்டர்

“ஹீட்டர் சரியா சூடு தரல. கொஞ்சம் பாத்துக் குடுங்க அண்ணாச்சி.”

மெக்கானிக் வேல்ராஜ் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, டிரைவர் ராஜதுரையை ஏற இறங்கப் பார்த்தார். பங்குனி வெயில் தூத்துக்குடியைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது.

“ஏலே, ஏசியச் சொல்லுதியா?”

“ஹீட்டர்தான். மொதலாளி சொல்லுதாரு.”

“இந்த வெக்கையில ஹீட்டரா? ஒங்க மொதலாளிக்கு மண்டையில சூடு ஏறிட்டா?”

ராஜதுரைக்கும் அதே சந்தேகம்தான். அவன் முதலாளி செய்கு அப்துல் காதிர், காயல்பட்டினத்துக் கருவாட்டு வியாபாரி. அவருடைய பழைய பிக்கப்பில் ஏசி படுத்து வருசக்கணக்காச்சு. எப்போது கேட்டாலும், “கண்ணாடிய எறக்குலே, கடக்காத்து வரும்” என்பார். அந்த மகராசனுக்கு இப்போ ஹீட்டர் வேணுமாம்!

நேற்றுத்தான் ராஜதுரை லீவு கேட்டிருந்தான். பிரசவத்துக்குப் போன பேச்சிச்செல்வியையும் பிள்ளையையும் மாமனார் வீட்டிலிருந்து கூட்டிவர வேண்டும். தலைப்பிள்ளை. இன்னும் போனில்தான் முகம் பார்த்திருக்கிறான்.

“இந்த வாரம் லீவெல்லாம் கெடையாது. போயி ஹீட்டரப் பாரு.” ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். மனுசனா அவர்?

வேல்ராஜ் எஞ்சினை ஓடவிட்டார்.

“ப்ளோயர் நல்லாத்தான் ஊதுது. கூலன்ட் தண்ணியும் கொறையல.”

பானட்டைத் தூக்கி, ஹீட்டருக்குப் போகும் ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தார்.

“ரெண்டும் வெதுவெதுன்னுதான் இருக்கு. எஞ்சின் தண்ணியே சூடாகலியே, ஹீட்டர் எங்கன சூடாகும்?”

எஞ்சினை ஆறவிட்டு எதையோ கழற்றிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“அது சரி! தெர்மோஸ்டாட்டையே காணும்.”

“அது என்ன செய்யும் அண்ணாச்சி?”

“எஞ்சின் சூடாகுற மட்டும் தண்ணிய ரேடியேட்டருக்கு விடாம அடைச்சு வைக்கும். நம்ம பக்கத்து மெக்கானிக்மாரு வெயிலுக்குப் பயந்து அதக் கழட்டி எறிஞ்சிருவோம். இங்கன எவன் ஹீட்டர் போடுதான்?”

சொன்னவர் சட்டென்று குரலைத் தாழ்த்தினார்.

“ஏலே, எனக்கு ஒண்ணு தோணுது. மலைக்காரன் எவனோ வண்டிய வெலைக்குக் கேட்டிருக்கான். ஒங்க மொதலாளி விக்கப் போறாரு. இல்லன்னா ஹீட்டர் எதுக்கு?”

ராஜதுரை வண்டியைத் திரும்பிப் பார்த்தான். வண்டி போனால் வேலையும் போச்சு. பிள்ளை பிறந்த நேரத்திலா இது நடக்கணும்?

கடைக்குப் போய் புது தெர்மோஸ்டாட் வாங்கிவந்து மாட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் மீட்டர் முள் மேலே ஏறியது. கேபினுக்குள் அனல் அடித்தது.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார் காதிர். இடதுபக்க சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ராஜதுரையையும் ஏறச் சொன்னார்.

“கண்ணாடிய ஏத்து. ஹீட்டரப் போடு.”

போட்டான். ரெண்டு பேருக்கும் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியது. காதிரின் தொப்பிக்குள்ளிருந்து வேர்வை வழிந்தது. அசையவில்லையே மனுசன்!

“காத்து காலுக்குத்தான் வருது. மடிக்கு வரணுமே.”

ராஜதுரை காற்றுத் திசை மாற்றும் குமிழைத் திருப்பினான்.

“ம்... இப்ப சரி.”

அதுக்கு மேல் ராஜதுரையால் அடக்க முடியவில்லை.

“மொதலாளி, வண்டிய விக்கிறதா இருந்தா நேராவே சொல்லிருங்க. நான் வேற பொழப்பு பாத்துக்கிடுதேன்.”

“விக்கவா? எந்தக் கிறுக்கன் சொன்னான்?”

வெளியே நின்ற வேல்ராஜ், வேலை இருப்பதுபோல் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

“பின்ன லீவு ஏன் இல்லன்னிய?”

“லீவு போட்டு பஸ் மாத்தி பஸ் மாத்தி அலையணுமா? கோத்தகிரிக்கு ஒரு லோடு கெடைக்குமான்னு நேத்துலருந்து போன் போட்டுக்கிட்டு இருந்தேன். இப்பத்தான் அமைஞ்சுது. அமையாம உன்கிட்ட சொல்லி ஆசகாட்டப்படாதுல்லா?”

“கோத்தகிரிக்கா?” ராஜதுரை அவர் பக்கம் திரும்பினான்.

காதிர் முகத்து வேர்வையைத் துண்டால் துடைத்தார்.

“உன் மாமனார் ஊரு அதானலே? கருவாட எறக்கிட்டு, ரெண்டு பேரையும் ஏத்திக்கிட்டு வா. மலை எறங்குற மட்டும் பச்சப்புள்ளைக்குக் குளிரப்படாது.”