செம்புத் தண்ணீர்

விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதுகிறது. ஒச்சப்பன் சோற்றுக்கு வீடு வரும் நேரம். இன்று அவரை வாசல் பந்தலில் பெஞ்சின்மேல் கிடத்தியிருக்கிறார்கள். ஓலை இடுக்கு வழியே வெயில் அவர் நெற்றியில் விழுகிறது. மாரடித்து அழும் பெண்களுக்கு நடுவே அவர் மனைவி மாரித்தாய் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நோயால் பல வருசமாக அவள் கண்ணில் நீர் வருவதில்லை, வாயில் எச்சில் ஊறுவதில்லை. "எந்தம்பி போயிட்டான், ஒரு சொட்டு விடுறாளா பாருங்க, கல்நெஞ்சுக்காரி!" என்கிறாள் ஒச்சப்பனின் அக்காள். மாரித்தாய் மண் விழுந்ததுபோல் உறுத்தும் கண்களைக் கசக்குகிறாள். சோறு தொண்டையில் இறங்காத அவளுக்குக் கவளத்துக்குக் கவளம் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். "மெல்ல முழுங்கு புள்ள, நான் இருக்கேன்ல" என்பார். வாய்க்கரிசி போடக் கூப்பிடுகிறார்கள். அரிசியை அவர் உதட்டில் வைத்ததும், அவள் கை பக்கத்தில் செம்பைத் தேடித் துழாவுகிறது. "மெல்ல முழுங்குங்க," என்கிறாள், "நான் இருக்கேன்ல."