பதினேழாம் பிரிவை எழுதியவர்

எண்பத்தொரு வயது மாசிலாமணி நான்காவது நாளாக நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்து வந்திருந்தார். இந்தத் தீவு நாட்டின் அரசியலமைப்பை முன்னின்று எழுதியவர் அவர். ஐந்தாண்டுகள் நாட்டுக்கு வெளியே தங்கியவருக்குக் குடியுரிமை கிடையாது என்ற பதினேழாம் பிரிவும் அவர் கைப்பட எழுதியதுதான். அதனால், ஆறாண்டுகள் வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய அவருடைய மகள் அமுதவல்லி துறைமுகத்தைத் தாண்ட முடியாமல் கிடக்கிறாள்.

"சண்டையப்போ ஓடிப்போனவங்களுக்காக எழுதினதும்மா அது. வேலைக்குப் போன பிள்ளைங்களுக்கு இல்ல."

எழுத்தர் கமலவேணி நிமிரவில்லை. "நீங்க இப்ப சொல்றது செல்லாதுங்கய்யா. கையெழுத்துப் போட்ட அன்னிக்கு உங்க மனசப் பதிஞ்சு வச்சிருக்கோம். கோர்ட்டு அதத்தான் கேக்கும். வேணும்னா அதுகிட்ட நீங்களே பேசிப் பாருங்க."

திரையில் நாற்பது வயது மாசிலாமணி வந்தார். மீசை கறுகறுவென்றிருந்தது. கிழவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்.

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான் பெரியவரே. உங்க மகளுக்காக வளைச்சா நாளைக்கு எவன் மதிப்பான்?"

அந்த மிடுக்கான பேச்சைக் கேட்கக் கேட்கக் கிழவருக்கே அலுப்பாக இருந்தது.

"அவ உனக்கும் மகதான்ப்பா."

திரையில் இருந்தவர் கொஞ்சம் யோசித்தார்.

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே."