எண்பதுக்குக் கீழே

தங்கை பிலோமினா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "அண்ணே, அப்பா கண்ணு முழிச்சு உன்னையே கேக்குறாரு. உடனே வா."

இருதயராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினான். வீட்டுக் கதவு திறக்கவில்லை. அது அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கைப்பட்டையைப் படித்துவிட்டு, "நாடித்துடிப்பு நூற்றுப் பதினாறு. எண்பதுக்குக் கீழே வரட்டும் சார். உங்கள் பாதுகாப்புக்குத்தான்" என்றது. படபடப்போடு யாரும் வெளியே போகக் கூடாது என்பது குடியிருப்பின் விதி. கதவை ஓங்கி உதைத்தான். நூற்று முப்பது ஆனது.

அவனை அடக்கக்கூடியது ஒன்றே ஒன்றுதான். மேசையில் பாதியில் நின்ற காகித ரயில் எஞ்சினை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டான். சக்கரத்தின் ஆரக்கால்கள் மயிரிழை அளவு. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெட்ட முடியும். வெட்டி, பசை தொட்டு, ஒட்டி, இருபது எண்ணும்வரை விரலை எடுக்காமல் அழுத்தினான். அடுத்த சக்கரம். மூன்றாவது சக்கரம் கொஞ்சம் கோணியது. பொறுக்கவில்லை. பிரித்து, ஓரம் சீவி, மறுபடி ஒட்டினான். எஞ்சின் ஆடாமல் நின்றது. அவனுக்குச் சிரிப்புகூட வந்தது.

அப்போதுதான் போன் அடிப்பது காதில் விழுந்தது.

"நாப்பது நிமிஷமா கூப்பிடுறேன்" என்று பிலோமினா அழுதாள். "கதவு இன்னுமா திறக்கல?"

நிமிர்ந்து பார்த்தான். கதவு விரியத் திறந்து கிடந்தது. வெளிக்காற்றில் காகிதத் துணுக்குகள் கூடமெங்கும் பறந்திருந்தன.

"அண்ணே, அப்பா..."

அவள் முடிப்பதற்குள் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

"நூற்று நாற்பது" என்றது.