எட்டுப் பத்து ட்ராலி

கிள்ளான் சரக்கு ரயில் பாதையைச் சோதித்துவந்த நான்கு பேரையும் செலவு மிச்சம் என்று மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அவர்கள் தள்ளிக்கொண்டு போன ட்ராலி பழைய இரும்புக்குப் போனது. கட்டுப்பாட்டு அறையில் தர்ஷிணி மட்டும் மிஞ்சினாள்.

பாதையின் ஒரு பகுதிக்குள் எத்தனை சக்கர அச்சுகள் நுழைகின்றன, எத்தனை வெளியேறுகின்றன என்று தண்டவாளத்தில் ஒரு கருவி எண்ணும். ட்ராலி போன பிறகும் தினமும் காலை எட்டுப் பத்துக்கு இரண்டு நுழையும். பத்தொன்பது நிமிடத்தில் இரண்டும் வெளியேறும். ட்ராலிக்கு இரண்டு அச்சுகள். தர்ஷிணி யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் தேநீர் குடிப்பாள்.

இன்று ஒன்பதாகியும் அவை வெளியேறவில்லை. உள்ளே அச்சு இருக்கும்வரை சிக்னல் பச்சையாகாது; சரக்கு ரயில் அங்கேயே நின்றது.

"கருவி கோளாறு லா. ரீசெட் பண்ணி ரயிலை விடு," என்றார் மேலாளர் போனில். "இனி ஒரு நிமிஷம் லேட்டானாலும் நாளைக்கு நீ வர வேணாம்."

ரீசெட் பொத்தான்மேல் வைத்த விரலை அவள் எடுத்துக்கொண்டாள்.

ரேடியோவில் ஓட்டுநர் திருமுருகன் வந்தார். "எஞ்சின்ல ரொட்டி சானாய் சுடலாம், அவ்வளவு சூடு. பாதையில யாரும்மா இருக்கா?"

"நம்ம ஆளுங்கதான் அண்ணே," என்றாள் தர்ஷிணி. "இன்னிக்கு வேலை இன்னும் முடியல போல."